பிராக்கில் ஒரே ஒரு ஜனவரி நாள்: அப்பா அம்மாவோடு எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்பக்கரை | ஜனவரி 6, இரவு 9:40

வணக்கம். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து டிரெஸ்டனுக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் பிராக் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு, ஞாயிறு காலையிலேயே திரும்புவதாக ஏற்பாடு. கையில் இருப்பது ஒரே ஒரு முழு நாள்.

அப்பாவுக்கு 68 வயது. பொதுப்பணித்துறையில் பாலம் பாலமாகக் கட்டி ஓய்வு பெற்றவர். சார்லஸ் பாலத்தை மட்டும் காட்டு, மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்கிறார். முழங்கால் வலி உண்டு, படி ஏறிவிடுவார், இறங்கத்தான் முனகுவார். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. குளிர் என்றால் அவருக்கு ஊட்டி வரைதான் தெரியும்.

கோட்டை, பாலம், கடிகாரம், யூதர் பகுதி, பெட்ரீன் கோபுரம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். இதில் எது அடங்கும், எது அடங்காது? எதை முதலில் வைப்பது?

ரயில்பைத்தியம் | ஜனவரி 6, இரவு 10:25

முதலில் வெளிச்சக் கணக்கைப் போடுங்கள், மற்றது தானாக அமையும். ஜனவரி நடுவில் அங்கே எட்டு மணியை ஒட்டித்தான் விடியும், நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். மேகம் மூடிய நாளாக இருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், மூன்றரைக்கே தெருவிளக்கைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் வெளியே நின்று பார்க்க வேண்டியதெல்லாம் பகலுக்கு, கூரைக்குக் கீழே இருப்பது இருட்டுக்கு. ஒரே விதிவிலக்கு கோட்டை. நவம்பர் முதல் மார்ச் வரை உள்ளே இருக்கும் கட்டடங்களை நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்கள், மதியத்துக்குத் தள்ளினால் அவ்வளவுதான்.

என் கணக்கு: விடிந்ததும் பாலம், அப்புறம் 22-ஆம் எண் டிராம் பிடித்துக் கோட்டை. ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றமே கிடையாது, வடக்கு வாசல் வழியாகச் சமமாக நடந்து உள்ளே போய்விடலாம். வழக்கமாக எல்லோரும் சொல்வது, ஏறும்போது டிராம், இறங்கும்போது நடை என்று. உங்கள் அப்பாவுக்கு அந்த யோசனை ஆகாது. பழைய கோட்டைப் படிக்கட்டுப் பக்கமே போகாதீர்கள், நீளமான இறக்கம், ஈரமாக இருந்தால் வழுக்கும். அதே 22-ஐப் பிடித்து ‘மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமியெஸ்தி’யில் இறங்குங்கள். கட்டாயம் நடந்தே பார்க்க வேண்டும் என்றால் நெருதோவா தெரு, அது படி இல்லாத சரிவு.

காகித டிக்கெட் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. மஃப்டியில் பரிசோதகர்கள் வருவார்கள், வெளியூர்க்காரர் என்று சலுகையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பழைய டாட்ரா வண்டி வந்தால் விட்டுவிடாதீர்கள். இருக்கைக்கு அடியிலேயே ஹீட்டர் வைத்திருப்பார்கள், உட்கார்ந்தால் இட்லிப் பானை மூடிமேல் உட்கார்ந்த மாதிரிதான்.

பெட்ரீனை அடித்துவிடுங்கள். கோபுரத்தில் 299 படி. மலைக்கு ஏறும் இழுவை ரயிலை 2024-இல் புதுப்பிப்புக்காக நிறுத்தினார்கள். மூட்டமான நாளில் மேலே போனாலும் கீழே ஒன்றும் தெரியாது.

கறார்வாதி | ஜனவரி 6, இரவு 11:02

யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். ஜனவரியில் பிராக் ஒரு தண்டம். கிறிஸ்துமஸ் சந்தை ஜனவரி 6-ஆம் தேதியோடு மூட்டை கட்டிவிடும், அதாவது இன்றோடு. படத்தில் காட்டுகிற வெள்ளைக் கூரை, வெள்ளைப் பாலமெல்லாம் என்றைக்கோ ஒருநாள் காலையில் எடுத்தது. விழுகிற பனி மறுநாளே உப்பும் சேறுமாகக் கால்சட்டையில் ஏறும். வால்ட்ஸ்டைன் தோட்டம் பூட்டு, கோட்டையின் தெற்குத் தோட்டங்கள் பூட்டு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் குளிரில் எதற்கு? மே மாதம் கூட்டிப் போங்கள், லில்லாக் பூத்திருக்கும்.

எல்பக்கரை | ஜனவரி 7, காலை 7:15

கறார்வாதி சார், மே மாதம் அவர்கள் மதுரையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். விசா பிப்ரவரி வரைதான். இருப்பதை வைத்து யோசனை சொல்லுங்கள்.

சூரிச்_வடலி | ஜனவரி 7, காலை 11:30

தங்கச்சி, பயப்பட வேண்டாம். நான் ஜூலையிலும் போயிருக்கிறேன், பெப்ரவரியிலும் போயிருக்கிறேன். ஜூலையில் அந்தப் பாலத்தில் சனத்தின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெப்ரவரியில் விடிய எட்டு மணிக்குப் போய் நின்றபோது எங்களோடு சேர்த்து ஒரு பத்துப் பேர் இருந்திருப்பார்கள், அதிலும் பாதிப்பேர் நாயோடு உலாவ வந்த உள்ளூர்ச் சனம்.

அப்பா பாலம் கட்டினவர் என்றபடியால் இதைச் சொல்கிறேன். மேலே இருக்கிற சிலைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். முப்பது சிலை இருக்கிறது, அதில் கனக்க நகல்கள்தான், மழையிலும் புகையிலும் கரையத் தொடங்கியதால் மூலச் சிலைகளைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். பாலத்தைக் கீழே இருந்து பார்க்க வேண்டும். கம்பா தீவுப் பக்கம் கரைக்கு இறங்கினால் ஒவ்வொரு தூணுக்கும் முன்னால், தண்ணீர் வருகிற பக்கமாக, பெரிய மரச் சட்டங்களைக் கூரை மாதிரிச் சரிவாகக் கட்டி ஆற்றுக்குள் நிறுத்தியிருப்பது தெரியும். ஆறு உறைந்து உடைகிற காலத்தில் பனிப்பாளங்கள் வந்து தூணில் முட்டாமல், அந்தச் சரிவில் ஏறி உடைந்துபோகச் செய்த ஏற்பாடு. இப்போது அதில் முழுக்கக் கடற்காகங்கள் வரிசையாகக் குந்தியிருக்கும்.

சப்பாத்து முக்கியம். நடைபாதையெல்லாம் சின்னச் சின்னக் கல் பதித்தது, ஈரமானால் சரியான வழுக்கல். கம்பளிச் சட்டையைப் பற்றிக் கதைக்கிறோம், ஆனால் ஆளை முடக்குவது உள்ளங்கால் குளிர்தான். தடித்த அடி உள்ள சப்பாத்தும் இரண்டு சோடி காலுறையும் இருந்தால் அம்மா சமாளிப்பா.

ரயில்பைத்தியம் | ஜனவரி 7, மதியம் 1:10

வடலி அண்ணா சொன்ன மரச் சட்டங்களுக்கு இப்போது வேலை குறைவு. 1950-களில் மேலே ஸ்லாபி அணை வந்த பிறகு நகருக்குள் வ்ல்தாவா ஆறு உறைவது அபூர்வமாகிவிட்டது. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியில் தண்ணீர் 4 டிகிரியில் நிற்கும், அடர்த்தி அதிகமான தண்ணீர் அங்கேதானே தங்கும், அதைத் திறந்துவிட்டால் கீழே ஆறு உறைய மறுக்கிறது. அதற்கு முன்னால் ஆற்றில் பனிக்கட்டியை அறுத்து எடுத்துப் பாதாள அறைகளில் அடுக்கி வைத்து, கோடை முழுக்கப் பீர் ஆலைக்கும் உணவு விடுதிக்கும் விற்பதே ஒரு தொழிலாக இருந்தது.

அப்பாவுக்கு இன்னும் இரண்டு விஷயம். இதே இடத்துக்குப் பக்கத்தில் முன்பு இருந்த யூடித் பாலத்தை 1342 வெள்ளம் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக நான்காம் சார்லஸ் 1357-இல் தொடங்கியதுதான் இது, 516 மீட்டர், 16 வளைவு. இதுவும் தப்பவில்லை. 1890 செப்டம்பர் வெள்ளத்தில் மிதந்து வந்த மரங்களும் தெப்பங்களும் வளைவுகளை அடைத்துக்கொள்ள, மூன்று வளைவுகள் இடிந்து விழுந்தன. சுண்ணாம்புச் சாந்தில் முட்டை கலந்தார்கள் என்று ஒரு கதை. ஊர் ஊராக முட்டை கேட்டு ஆணை போக, வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாது என்று வேகவைத்து அனுப்பினார்களாம்.

எல்பக்கரை | ஜனவரி 7, மாலை 6:50

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். செட்டிநாட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசிப் பார்த்த தலைமுறை, அதனால் முட்டைக் கதையில் அவர் ஆச்சரியப்படவில்லை. மரச் சட்டத்துக்குத்தான் கண் விரிந்தது. அதை எதில் நட்டிருக்கிறார்கள், இரும்புப் பட்டை உண்டா என்று கேட்டால் நான் எங்கே போவேன்.

சரி, அந்தக் கடிகாரம்? ஒவ்வொரு மணிக்கும் பொம்மை வரும் என்கிறார்களே, காத்திருந்து பார்க்கலாமா?

கறார்வாதி | ஜனவரி 7, இரவு 8:05

ஐரோப்பாவிலேயே பெரிய ஏமாற்றம் அதுதான். இருபது நிமிஷம் குளிரில் நிற்பீர்கள், ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இரண்டு ஜன்னலில் பன்னிரண்டு பொம்மைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், சேவல் ஒன்று தொண்டை கட்டியது போலக் கூவும். முடிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற அந்த நேரத்தில் ஜேப்படிக்காரனுக்கு நல்ல வியாபாரம்.

பஞ்சாங்கம் | ஜனவரி 7, இரவு 9:30

பொம்மையைப் பற்றிக் கறார்வாதி சொன்னது சரி. ஆனால் பொம்மைக்காகவா அந்தக் கடிகாரம்? பொம்மைகளெல்லாம் பின்னால் சேர்த்தவை. 1410-இல் கடானைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக்காரர் செய்தது நடுவில் இருக்கும் அந்த நீலத் தட்டு. பேராசிரியர் யான் ஷிண்டல் கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்கிறார்கள். செய்தவரின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். அது ஹனுஷ் என்ற வேறொருவர் பெயரில் பிற்காலத்தில் கட்டிய கதை, விட்டுத்தள்ளுங்கள்.

தட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டு போங்கள், பொம்மை ஞாபகமே வராது. பெரிய முள்ளின் நுனியில் ஒரு தங்கக் கை இருக்கும். அது ரோமன் எண் வளையத்தில் காட்டுவது இன்றைய மணி. அதற்கு வெளியே கறுப்பு வளையத்தில் தங்க எழுத்தில் 1 முதல் 24 வரை இருக்கும், பழைய எழுத்து, 4 என்பது கயிற்றை முறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். அதுதான் பழைய செக் மணி. அவர்களுக்கு நாள் முடிவது சூரியன் மறையும்போது. அதனால் அந்த வளையமே ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்து, 24 எப்போதும் அன்றைய அஸ்தமனத்துக்கு நேராக நிற்கும். நாம் உதயாதி நாழிகை என்று காலையிலிருந்து எண்ணினோம், அவர்கள் மாலையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். நீங்கள் போகிற நாளில் உச்சி வேளைக்குக் கை 19-க்கும் 20-க்கும் நடுவில் நிற்கும். 24-இலிருந்து கழித்தால் இருட்ட இன்னும் நாலரை மணி நேரம். மேலே ரயில்பைத்தியம் போட்ட வெளிச்சக் கணக்கை அந்தக் கடிகாரம் அறுநூறு வருஷமாகச் சுவரில் போட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். முள்ளில் ஒரு தங்கச் சூரியன் ராசி வளையத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். 17-ஆம் தேதி நமக்குத் தை பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும், அதாவது மகரத்தின் ஆரம்பம். அங்கேயோ சூரியன் மகரத்தைக் கடந்து கும்பத்தின் வாசலில் நிற்கும். தப்பில்லை. அவர்கள் அயனத்தை வைத்து எண்ணுகிறார்கள், அதனால் மகரம் டிசம்பர் 22-ஐ ஒட்டியே பிறந்துவிடும். நாம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இன்று 24 பாகை வித்தியாசம்.

கறார்வாதி | ஜனவரி 7, இரவு 9:52

இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த எலும்புக்கூட்டைத் திட்டியிருக்கமாட்டேன். ஜேப்படிப் பேச்சை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

பூண்டுரசம் | ஜனவரி 8, காலை 6:40

சாப்பாட்டுக்கு வருகிறேன், இந்த இழையில் அதை யாரும் தொடவில்லை. முட்டையும் இல்லாத சைவம் என்றால் செக் உணவு விடுதியில் திண்டாட்டம்தான், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ‘ஸ்மாஷெனி சீர்’ என்று பாலாடைக் கட்டியைப் பொரித்துக் கொடுப்பார்கள், எல்லோரும் சைவம் என்று பரிந்துரைப்பார்கள், மேல்மாவுக்கு முட்டை உண்டு. ‘பிரம்போராக்’ என்ற உருளைக்கிழங்கு அடை பூண்டும் மருக்கொழுந்து வாசனையுமாக நம் வாய்க்குப் பிடிக்கும், அதிலும் முட்டை, சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் சுடுவதும் உண்டு. ‘செஸ்னெச்கா’ என்ற பூண்டு சூப் குளிருக்கு அமிர்தம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் ஹாம் துண்டோ எலும்புச் சாறோ இருக்கும். ‘குலாய்டா’ என்ற காளான் சூப்பின் நடுவிலேயே ஒரு முட்டை மிதக்கும்.

தப்பிக்க இரண்டு வழி. செக் நாட்டில் வியட்நாம்காரர்கள் நிறையப் பேர் பல காலமாக இருக்கிறார்கள், அவர்கள் கடையில் டோஃபு, காய், சோறு கிடைக்கும், மீன் சாறு வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்திய, நேபாளக் கடைகள் மையத்திலேயே உண்டு. எதற்கும் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், இந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் கெடாது.

கடிகாரம் இருக்கும் சதுக்கத்தில் குழல் மாதிரிச் சுட்டு, சர்க்கரையில் புரட்டி விற்கும் ‘ட்ர்டெல்னீக்’கைப் பழைய செக் பலகாரம் என்று பலகை வைத்திருப்பார்கள். பிராக்கில் அது சுற்றுலாப் பயணிகளுக்காகப் பெருகியது. ஸ்லோவாகியாவின் ஸ்கலிட்சாவில்தான் அதற்கு நிஜமான ஊர்ப்பெயர் இருக்கிறது. சூடாக இருக்கும்போது கையை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள உதவும், அதற்கு மேல் புகழமாட்டேன்.

கறார்வாதி | ஜனவரி 8, காலை 9:20

அசைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சதுக்கத்தில் நெருப்பில் வாட்டும் ஹாம் கடைகளில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. கத்தியை வைத்து ஒரு வெட்டு வெட்டினால் அரைக் கிலோ தட்டில் விழும். ஒரு வருஷம் நான் பாக்கி எவ்வளவு என்று கேட்டபோது பாக்கியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே யூரோ இல்லை, கொருனா. மையத்தில் கமிஷன் பூஜ்யம் என்று பெரிதாக எழுதிய கடைகள் விகிதத்தில் கடித்துவிடும். மாட்டிக்கொண்டாலும் ஒரு வழி இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து சட்டம், 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். அட்டையை நீட்டும்போது யூரோவிலா கொருனாவிலா என்று இயந்திரம் கேட்டால் கொருனாவை அழுத்துங்கள்.

நூலகவாசி | ஜனவரி 8, மாலை 5:15

பட்டியலில் யூதர் பகுதி இருக்கிறது, நீங்கள் போவதோ சனிக்கிழமை. யோசெஃபோவ் என்ற அந்தப் பகுதியில் தொழுகைக்கூடங்களும் பழைய கல்லறையும் சனிக்கிழமை திறக்கவே மாட்டார்கள், ஓய்வுநாள். ஞாயிறு காலையே ரயில் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். சிவப்பில் குடும்பப் பெயர், கறுப்பில் ஆள் பெயரும் தேதியும். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏதோ நிறம் பூசியது போலத்தான் இருக்கும், கிட்டே போனால்தான் எழுத்து. முடிந்தால் ரயிலை மாலைக்கு மாற்றுங்கள். கோட்டையை ஞாயிறுக்குத் தள்ளும் யோசனை மட்டும் வேண்டாம், அதற்குள் இருக்கும் பேராலயத்தில் காலையில் பூசை நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள்.

வெள்ளி இரவு போய்ச் சேர்ந்ததும் அம்மாவை நேராகக் குளிரில் இறக்காதீர்கள். வென்செஸ்லாஸ் சதுக்கத்தைச் சுற்றிப் பழைய கட்டடங்களுக்கு ஊடாகக் கூரை போட்ட நடைவழிகள் உண்டு, ஒன்றில் நுழைந்து இன்னொரு தெருவில் வெளியே வரலாம். லூட்செர்னா நடைவழியில் கூரையிலிருந்து ஒரு செத்த குதிரை தலைகீழாகத் தொங்கும், அதன் வயிற்றின்மேல் அரசர் வென்செஸ்லாஸ் உட்கார்ந்திருப்பார். டாவிட் செர்னி 1999-இல் செய்தது. வெளியே சதுக்கத்தில் அதே அரசர் ஒழுங்கான குதிரையில் கம்பீரமாக இருப்பார், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் கிண்டல் புரியும். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவெலின் தாத்தா.

குளிர் பற்றி அம்மா புலம்பினால் கிளெமெண்டினம் கோபுரத்தைக் காட்டுங்கள். 1775 முதல் விட்டுப்போகாமல் தட்பவெப்பம் குறித்து வைத்திருக்கும் இடம். அங்கே பதிவான மிகக் கடுங்குளிர் 1785 மார்ச் 1 அன்று, மைனஸ் 27.6. மேலே ஏற 172 படி, அப்பாவுக்கு வேண்டாம்.

திண்ணை | ஜனவரி 8, இரவு 7:45

தமிழர்கள் பிராக் போய்விட்டு கமில் சுவெலபில் பெயரைச் சொல்லாமல் வரக் கூடாது என்பது என் கட்சி. 1927-இல் அந்த ஊரில் பிறந்து, அங்கேயே கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் இருந்து சங்க இலக்கியமும் முருகனும் சித்தர்களும் என்று எழுதிக் குவித்தவர். 1968-இல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டுப் போனார். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் யாரோஸ்லாவ் வாசெக் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பல்கலைக்கழகத்தையும் நிறுவியது பாலம் கட்டிய அதே நான்காம் சார்லஸ்தான், 1348-இல். அதன் பழைய கட்டடமான கரோலினம் கடிகாரத்திலிருந்து சில நிமிட நடை. சுவரிலிருந்து பிதுங்கி நிற்கும் கோதிக் ஜன்னல் மாடம் ஒன்று உண்டு, வெளியே நின்று பார்த்தாலே போதும்.

சூரிச்_வடலி | ஜனவரி 8, இரவு 8:30

16-ஆம் திகதி போகிறபடியால் இன்னொன்று. 1969 ஜனவரி 16 அன்றுதான் யான் பாலக் என்ற மாணவன் அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், அருங்காட்சியகத்துக்கு முன்னால், தீக்குளித்தான். மூன்று நாளில் உயிர் போயிற்று. வயது இருபது. நினைவுச் சின்னம் என்று நிமிர்ந்து பார்த்தால் கிடைக்காது, தரையில் இருக்கிறது. நடைபாதைக் கல்லுக்குக் கீழே ஏதோ புதைந்து மேடு தட்டின மாதிரி ஒரு வெண்கலச் சிலுவை. அந்தக் கிழமையில் அதைச் சுற்றி மெழுகுதிரி எரியும்.

எல்பக்கரை | ஜனவரி 19, இரவு 10:10

போய்வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி. விவரம் கேட்டுத் தனியாக எழுதியவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டேகாலுக்குப் பாலத்தில் நின்றோம், மைனஸ் நான்கு, மூடுபனி. கோட்டை இருக்கும் திசையில் வெறும் வெள்ளை. அம்மா ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர், அதற்குமேல் மங்கி கேப், அதற்கும் மேல் என் சால்வை. பக்கத்தில் நின்ற செக் பாட்டி ஒருவர் மங்கி கேப்பைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். நெபோமுக் யான் சிலைக்குக் கீழே இருக்கும் வெண்கலப் பலகையைத் தேய்த்தால் நல்லது நடக்கும் என்று கையுறையைக் கழற்றித் தேய்த்தார் அம்மா. 1393-இல் அரசன் ஆணைப்படி இந்த மனிதரை ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள், அதற்கா இவ்வளவு தேய்ப்பு என்று அப்பா கேட்டதற்குப் பதிலே இல்லை.

பிறகு கம்பா கரை. வடலி அண்ணா, உங்களால் அரை மணி நேரம் நான் அங்கேயே உறைந்தேன். அப்பா ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தார். சரிவின் முதுகில், பனி வந்து மோதும் அந்த விளிம்பில் மட்டும் இரும்புப் பட்டை அடித்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்ததும் முழங்கால் வலியெல்லாம் மறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கடற்காகம், காற்று வரும் பக்கமாக எல்லாம் ஒரே திசையில் அலகை வைத்துக்கொண்டு.

கோட்டைக்கு 22-இல்தான் போனோம், இட்லிப் பானை வண்டி கிடைக்கவில்லை, புது வண்டி. பேராலயத்துக்குள் வெளியைவிடக் குளிர், மூச்சு புகையாக வந்தது. 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்தார்கள் என்றதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தன் காலத்தில் நான்கு வருஷம் இழுத்த ஒரு பாலத்துக்காக வாங்கிய திட்டையெல்லாம் ஞாபகப்படுத்தி, பார்த்தாயா என்றார். வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தை வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பதித்த கற்கள், மூலையில் மகுட அறைக்குப் போகும் கதவுக்கு ஏழு பூட்டு, ஏழு சாவி ஏழு பேரிடம். அம்மாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. பன்னிரண்டு மணிக் காவலர் மாற்றத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தோம், முன்னால் நிற்க இடமில்லை. பொன் சந்தில் 22-ஆம் எண் வீட்டில் காஃப்கா எழுதினார் என்று சொன்னேன், இவ்வளவு சின்ன அறையிலா என்பதோடு சரி.

இறக்கத்துக்கு டிராம். நெருதோவாவை அடியிலிருந்து எட்டிப் பார்த்ததோடு விட்டோம். வீடுகளில் சிவப்புப் பலகையில் ஒரு எண், நீலப் பலகையில் ஒரு எண். நீலம் தெரு வரிசை, சிவப்பு அந்தப் பகுதியின் பதிவு எண். வரைபடத்தில் நீலத்தைப் பார்க்க வேண்டும்.

கடிகாரத்துக்கு மூன்று மணிக்கு. கை 22-க்கும் 23-க்கும் நடுவில். இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று அப்பா சத்தமாகவே சொல்லிவிட்டார், நாலரைக்குச் சரியாக இருட்டிற்று. பொம்மைகள் ஓடியபோது நாங்கள் மூவரும் தட்டில் சூரியன் எந்த ராசியில் என்று தேடிக்கொண்டிருந்தோம். கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, ஏறினோம், சிவப்பு ஓட்டுக் கூரைகள் பத்து வரிசை தெரிந்தன, அதற்கப்புறம் மூடுபனி. கீழே நடைபாதையில் 27 வெள்ளைச் சிலுவைகள், 1621-இல் அந்த இடத்தில் மரண தண்டனை பெற்றவர்களுக்காக. ஜனங்கள் தெரியாமல் அதன்மேல் நின்று படம் எடுக்கிறார்கள்.

சாப்பாடு: மதியம் வியட்நாம் கடையில் டோஃபு, இரவு அறையில் புளியோதரை. பூண்டுரசம் அக்கா சொல்லாவிட்டால் அம்மா அந்தச் சூப்பைக் குடித்தே இருப்பார், வாசனை அப்படி. யூதர் பகுதிக்குப் போகவில்லை, ரயில் டிக்கெட் மாற்ற முடியாத வகை. அருங்காட்சியகத்துக்கு முன்னால் சிலுவையைச் சுற்றி மெழுகுவர்த்திகள் இருந்தன, பாதி அணைந்திருந்தன. அம்மா குனிந்து எரிகிற ஒன்றிலிருந்து அணைந்ததையெல்லாம் ஏற்றினார், யாரும் தடுக்கவில்லை.

கறார்வாதி | ஜனவரி 20, காலை 8:15

பேராலயம், கோபுரம், பாலம், மூன்று இடத்திலும் மூடுபனியைப் பார்த்திருக்கிறீர்கள். மே என்று சொன்னேன்.

எல்பக்கரை | ஜனவரி 20, காலை 8:40

மே மாதம் அந்தக் கரையில் அரை மணி நேரம் நிற்க இடம் கிடைக்குமா சார்?

புதுவரவு_நெல்லை | ஜனவரி 20, மதியம் 12:05

இழையை முழுக்கப் படித்தேன், பயனாக இருந்தது. நாங்கள் இந்த டிசம்பர் 24 அன்று பிராக்கில் இருப்போம். சந்தையும் இருக்கும், பனியும் இருக்கலாம். அன்றைக்கு இதே திட்டம் சரிவருமா?

ரயில்பைத்தியம் | ஜனவரி 20, மதியம் 1:30

அப்படியே சரிவராது. அவர்களுக்கு 24 மாலைதான் பண்டிகையே. பெரிய கடைகளைச் சட்டப்படி நண்பகலில் மூடிவிட வேண்டும், உணவு விடுதிகளும் பல மூடியிருக்கும், மாலைக்கு மேல் டிராம் குறைந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு இடத்தை முன்பே பதிவு செய்யுங்கள், தங்குமிடத்தையும் பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே போக முடிந்தால் இன்னும் நல்லது. தெருமுனைகளில் பெரிய தொட்டிகளில் உயிரோடு கெண்டை மீன் விற்பார்கள், அங்கேயே வெட்டியும் கொடுப்பார்கள், பலர் வீட்டுக் குளியல் தொட்டியில் நீந்தவிட உயிரோடு கொண்டுபோவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் சார்லஸ் பாலத்தின் எரிவாயு விளக்குகளை ஒருவர் பழைய உடையில் நீளக் கோலோடு வந்து கையாலேயே ஏற்றுவார், அது நாலு மணியை ஒட்டி. சுத்த சைவம் யாராவது கூட வந்தால் பூண்டுரசம் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள், அன்றைக்கு வியட்நாம் கடையும் திறந்திருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.